புதிய தளபதி, அதே போர்

2009 மே 11 அன்று பென்டகனில் செய்தியாளர்களைச் சந்தித்த அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், ஆப்கானிஸ்தானில் படை நடத்திக்கொண்டிருந்த ஜெனரல் டேவிட் மெக்கீர்னனை விலகச் சொல்லிவிட்டதாக அறிவித்தார். மெக்கீர்னன் பொறுப்பேற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அவர் பெரிய சண்டை எதிலும் தோற்றவரல்ல. உத்தரவை மீறினார் என்றோ பணத்தில் கைவைத்தார் என்றோ புகார் இல்லை. புதிய சிந்தனை வேண்டும், புதிய பார்வை வேண்டும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். போர் நடக்கும்போதே களத் தளபதி ஒருவர் இப்படி இறக்கப்படுவது, 1951இல் கொரியப் போரின் நடுவே ஜனாதிபதி ட்ரூமன் ஜெனரல் மெக்ஆர்தரை நீக்கிய பிறகு இதுவே முதல் முறை என்று பத்திரிகைகள் எழுதின. மெக்ஆர்தர் ஜனாதிபதியோடு வெளிப்படையாக மோதியவர். மெக்கீர்னன் செய்ததெல்லாம் மேலும் சுமார் 30,000 வீரர்கள் வேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததுதான். கேட்டதில் பாதிக்குச் சற்று மேல் பிப்ரவரியில் கிடைத்தது. மே மாதம் பதவி போனது.

அவர் இடத்துக்கு வந்த ஸ்டான்லி மெக்கிரிஸ்டல், ஈராக் போர்க்காலத்தில் ரகசிய அதிரடிப் படைகளின் தலைவராக இருந்தவர். அல் கொய்தாவின் சர்காவியை 2006இல் தேடி முடித்தவை அவருடைய படைகளே. ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, நான்கு மணி நேரத் தூக்கம், விடியும் முன் நீண்ட ஓட்டம் என்று அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு தளபதியின் சாப்பாட்டு நேரம் செய்தியாகும்போது வாசகர் கொஞ்சம் உஷாராவது நல்லது. பொறுப்பேற்ற மூன்றே மாதத்தில் அவரும் கூடுதல் படை கேட்டார். கேட்டது 40,000.

கிளர்ச்சியை ஒடுக்கும் போரில் தலைமை மாறினாலும் வியூகம் மாறினாலும் போர் மாறிவிட்டதாக ஆகாது. அந்த மாற்றம் படையை அனுப்பிய அரசுக்கு ஓரிரு ஆண்டு அவகாசம் வாங்கித் தரும். விமர்சகர்கள் சற்றே வாய்மூடுவார்கள். நாடாளுமன்றம் பணம் ஒதுக்கும். எதிரிக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்மக்களுக்கும் அந்த மாற்றத்தால் கடிகாரம் திரும்பச் சுழல்வதில்லை. 2009க்கும் 2021க்கும் இடையே ஆப்கானிஸ்தானில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்த்தால் இது புரியும். அந்நாட்டைப் பற்றி மட்டுமான கவலையில் இதை எழுதவில்லை. எந்த நாட்டின் அரசும், நம்முடையது உட்பட, இதே அறிவிப்பை நாளைக்கே வெளியிடக்கூடும்.

மெக்கிரிஸ்டல் கொண்டுவந்த வியூகம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பன்று. 2006 டிசம்பரில், தளபதி டேவிட் பெட்ரேயஸ் மேற்பார்வையில், கிளர்ச்சி ஒடுக்கலுக்கென அமெரிக்க ராணுவம் ஒரு கையேடு வெளியிட்டது. எதிரியைக் கொல்வதைவிட மக்களைக் காப்பது முதன்மை, அரசாங்கத்தை மக்கள் நம்பவைப்பதே வெற்றி என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. அதே கையேட்டில் ஒரு கணக்கும் உண்டு: ஆயிரம் மக்களுக்கு 20 பாதுகாப்புப் படையினர். ஆப்கானிஸ்தானின் மக்கள்தொகை அப்போது சுமார் மூன்று கோடி. பெருக்கிப் பார்த்தால் 6 லட்சம் பேர் வேண்டும். அமெரிக்கப் படை உச்சத்தில் இருந்த 2010–11இல்கூட அதன் எண்ணிக்கை ஒரு லட்சம்தான்; நேட்டோ கூட்டாளிகள் இன்னும் சில பத்தாயிரம். மீதியை ஆப்கான் ராணுவமும் போலீஸும் நிரப்பும் என்று எழுதி வைத்தார்கள். அந்த ராணுவம் அப்போதுதான் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. சேர்ந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுத்தறிவு இல்லை.

அந்தக் கையேடு முன்னுதாரணமாக எடுத்துக்கொண்ட போர்களில் ஒன்று மலாயா. 1948 முதல் 1960 வரை அங்கே கம்யூனிஸ்ட் கிளர்ச்சியைப் பிரிட்டன் அடக்கியது. 1952இல் பிரிட்டிஷ் ஜெனரல் ஜெரால்ட் டெம்ப்ளர் வந்தார், மக்கள் மனங்களை வென்றார், போரை முடித்தார் என்பது ராணுவக் கல்லூரிகளில் சொல்லப்படும் கதை. தமிழர்களுக்கு அந்தக் கதையின் மறுபக்கம் கொஞ்சம் தெரியும். ரப்பர் தோட்டத் தொழிற்சங்கங்கள் முடக்கப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்கம்பி வேலியிட்ட ‘புதுக்கிராமங்களுக்கு’ இடம்பெயர்க்கப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் வேலிக்குள் அடைக்கப்பட்டன. இத்தனையும் சாத்தியமானதற்குக் காரணங்கள் உண்டு. கிளர்ச்சியாளர்கள் ஏறக்குறைய முழுவதும் ஒரே சிறுபான்மை இனத்தவர். அவர்கள் பின்வாங்கிப் பதுங்க வலுவான அண்டை நாட்டு ஆதரவு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பிரிட்டனே அரசாங்கம். நிலம், நீதிமன்றம், போலீஸ், அடையாள அட்டை எல்லாம் அதன் கையில் இருந்தன. கடைசியில் சுதந்திரம் என்ற ஒன்றைக் கொடுக்கவும் முடிந்தது.

ஆப்கானிஸ்தானில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பாகிஸ்தான் எல்லை திறந்து கிடந்தது. தாலிபான் தலைமை எல்லைக்கு அப்பால் க்வெட்டாவில் உட்கார்ந்திருந்தது. அரசாங்கம் ஹமீத் கர்சாயினுடையது. அமெரிக்கத் தளபதி அதற்குப் பாதுகாப்பும் பணமும் தரலாம், கிராமத்துக்கு ஒரு நேர்மையான நீதிபதியை நியமிக்க முடியாது.

மெக்கிரிஸ்டலுக்கு இது தெரியாமலில்லை. 2009 ஆகஸ்ட் இறுதியில் அவர் எழுதிய மதிப்பீட்டு அறிக்கை இன்று படித்தாலும் நேர்மையான ஆவணம்தான். அதிகாரிகளின் ஊழல், உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் அராஜகம், வெளிநாட்டுப் படைகளின் தவறுகள் எல்லாம் சேர்ந்து, மக்கள் அரசாங்கத்தை ஆதரிக்கக் காரணமே இல்லாமல் செய்துவிட்டன என்று அதில் ஒப்புக்கொண்டார். அறிக்கை கையெழுத்தாவதற்குப் பத்து நாள் முன்புதான் ஜனாதிபதித் தேர்தல் நடந்திருந்தது. அதில் நடந்த மோசடி அவ்வளவு பெரியது: கர்சாய்க்கு விழுந்ததாகச் சொல்லப்பட்ட வாக்குகளில் சுமார் 10 லட்சத்தைப் பின்னர் செல்லாதென்று தள்ள வேண்டியிருந்தது. மறுசுற்றுக்கு நாள் குறித்தார்கள். போட்டியாளர் அப்துல்லா விலகிக்கொண்டார். கர்சாய் ஜனாதிபதியானார். அரசாங்கத்தின் மீது நம்பிக்கையை உண்டாக்குவதே வெற்றி என்று சொன்ன வியூகம், அந்த அரசாங்கம் அப்படித் தேர்வான அதே பருவத்தில் அறிமுகமானது.

ஒருவர் அப்போதே எழுத்தில் எச்சரித்தார். காபூலில் அமெரிக்கத் தூதராக இருந்த கார்ல் ஐகன்பெரி, 2005 முதல் 2007 வரை அதே நாட்டில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய முன்னாள் ஜெனரல். 2009 நவம்பரில் வாஷிங்டனுக்கு அனுப்பிய ரகசியத் தந்திகளில், கர்சாய் நம்பத்தக்க கூட்டாளி அல்லர், படையைக் கூட்டினால் ஆப்கானியர்கள் நம்மையே மேலும் சார்ந்திருப்பார்கள், எல்லைக்கு அப்பால் புகலிடம் இருக்கும்வரை கூடுதல் படை போரை முடிக்காது என்று எழுதினார். சில வாரங்களில் இவை பத்திரிகையில் வந்துவிட்டன. அவர் சொன்னதில் பின்னாளில் பொய்த்துப்போனதாக என்னால் எதையும் காட்ட முடியவில்லை.

மூன்று மாத விவாதத்துக்குப் பிறகு, டிசம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா முடிவை அறிவித்தார். 30,000 பேர் கூடுதலாகப் போவார்கள். 2011 ஜூலையில் திரும்பத் தொடங்குவார்கள். மக்கள் மனத்தை வெல்ல நீண்ட காலம் வேண்டும் என்ற வியூகத்துக்குப் படையும், அமெரிக்க வாக்காளருக்குத் தேதியும் ஒரே உரையில் கிடைத்தன. மலையடிவாரக் கிராமத்தில் இருந்தவருக்கும் அந்தத் தேதி ரேடியோவில் கேட்டது. இன்னும் ஒன்றரை ஆண்டில் கிளம்பப் போகிறவரோடு யார் துணிந்து சேர்ந்து நிற்பார்?

புதிய வியூகத்தின் முதல் பெரிய சோதனை மார்ஜா. ஹெல்மண்ட் மாகாணத்தில் கால்வாய்ப் பாசனத்தில் அபின் விளையும் பகுதி அது. அந்தக் கால்வாய்களே 1950களில் அமெரிக்க உதவியோடு வெட்டப்பட்டவைதான். 2010 பிப்ரவரி 13 அன்று சுமார் 15,000 அமெரிக்க, பிரிட்டிஷ், ஆப்கான் படையினர் அங்கே இறங்கினார்கள். நடவடிக்கை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, மக்கள் விலகிக்கொள்ளட்டும் என்று. ராணுவம் இடத்தைப் பிடித்தவுடன் கொண்டுபோய் இறக்க, பெட்டியில் ஒரு அரசாங்கமே தயாராக இருப்பதாக மெக்கிரிஸ்டல் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே அதிகம் இல்லை. மாவட்டத் தலைவராகக் கொண்டுவரப்பட்டவர் ஜெர்மனியில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே குடும்பத்தில் ஒருவரைக் கத்தியால் குத்திய வழக்கில் சிறையில் இருந்தவர் என்று செய்திகள் வெளியாயின, அவர் மறுத்தார். சில மாதங்களில் மாற்றப்பட்டார். உடன் வரவேண்டிய அதிகாரிகளில் பலர் வரவே இல்லை. வர வேண்டாம் என்று ஊர்மக்கள் கேட்டுக்கொண்டது போலீஸைத்தான். தாலிபான்களுக்கு முன்பு அங்கே அதிகாரம் செய்த போலீஸின் வசூலும் அடாவடியும் அவர்களுக்கு நினைவிருந்தன. மார்ச் 7 அன்று மெக்கிரிஸ்டலோடு மார்ஜாவுக்கு வந்த கர்சாயைப் பள்ளிவாசலில் சூழ்ந்துகொண்ட பெரியவர்கள் இதையெல்லாம் முகத்துக்கு நேரே கொட்டினார்கள்.

பகலில் அமெரிக்க மரைன்கள் சாலையில் நடந்தார்கள். இரவில் தாலிபான்கள் கதவைத் தட்டினார்கள். மரைன்களிடம் விதையோ கூலியோ வாங்கியவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மே மாதத்திலேயே மார்ஜாவை ரத்தம் கசியும் புண் என்று மெக்கிரிஸ்டலே சொல்லும் நிலை வந்தது. அடுத்து ஜூனில் காந்தஹாரில் நடக்க வேண்டிய பெரிய நடவடிக்கை தள்ளிப்போனது. ஓரிரு ஆண்டுகளில் மார்ஜா ஓரளவு அமைதியானது உண்மை. மரைன்கள் திரும்பிப் போன பிறகு, 2015 முடியும் முன்பே அதன் பெரும்பகுதி மறுபடி தாலிபான் கையில் இருந்தது.

மெக்கிரிஸ்டல் எல்லாவற்றிலும் தவறினார் என்று சொல்வது நியாயமாகாது. 2009 ஜூலையில் வான் தாக்குதல்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தார். வீட்டுக்குள் எதிரி இருந்தாலும் குடும்பம் உள்ளே இருக்கலாம் என்றால் பின்வாங்கு என்பது அதன் பொருள். சொந்த வீரர்களே முணுமுணுத்தார்கள். 2010 ஏப்ரலில் குனார் மாகாணத்தின் கொரெங்கல் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற உத்தரவிட்டார். 40க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்த இடம் அது. காட்டு மரம் விற்றுப் பிழைத்த அந்த மலைவாசிகளின் மரம் அறுக்கும் மில் இருந்த இடத்தில்தான் அமெரிக்க முகாமே அமைந்திருந்தது. ஊர்மக்களின் எதிர்ப்பில் பெரும்பங்கு முகாம் அங்கே இருந்ததால் வந்ததுதான். ஒரு தளபதி, இந்த இடம் வேண்டாம், போகலாம் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் உத்தரவு காபூலில் பிறக்கிறது. அது நிறைவேறும் இடம் வேறு. கட்டுப்பாடு விதித்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில், செப்டம்பர் 4 அன்று குண்டூஸில் ஆற்று மணலில் சிக்கி நின்ற இரண்டு எண்ணெய் டேங்கர்களைத் தாக்கச் சொன்னார் ஒரு ஜெர்மன் கர்னல். தாலிபான்கள் கடத்தி வந்த டேங்கர்கள் அவை. இறந்தவர்களில் பலர் குடத்தோடும் கேனோடும் எண்ணெய் பிடிக்க வந்த ஊர்க்காரர்கள்.

அடுத்து வருவது பணம். இந்தப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவசரமாகக் கடந்துபோகிற இடம் இது. கடல் இல்லாத நாட்டில் ஒரு லட்சம் பேருக்குச் சோறு, தண்ணீர், டீசல் போக வேண்டும். அதற்காக 2.16 பில்லியன் டாலர் மதிப்பில் லாரிப் போக்குவரத்து ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது. வண்டிகளுக்குப் பாதுகாப்பும் ஒப்பந்தக்காரர்களின் பொறுப்பு. அவர்கள் சாலையோரப் படைத்தலைவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். அந்தக் காசில் ஒரு பங்கு தாலிபான்களுக்கும் போயிருக்கக்கூடும் என்று அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று 2010 ஜூனில் அறிக்கை தந்தது. படை கூடினால் லாரி கூடும். லாரி கூடினால் மாமூல் கூடும். கையேட்டில் இந்தக் கணக்கு இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் காபூல் பாங்க் சரிந்தது. போலீஸுக்கும் ஆசிரியர்களுக்கும் ராணுவத்துக்கும் சம்பளம் போட்ட வங்கி அது. சுமார் 90 கோடி டாலர், ஜனாதிபதியின் அண்ணனும் துணை ஜனாதிபதியின் தம்பியும் உள்ளிட்ட உள்வட்டத்தாருக்குக் கடனாகப் போயிருந்தது.

மறுபக்கத்தில் தாலிபான்களின் நிர்வாகமும் நடந்துகொண்டிருந்தது. வரி வாங்கினார்கள், பல இடங்களில் ரசீதும் கொடுத்தார்கள். நிலத்தகராறு என்றால் அவர்களுடைய நீதிபதியிடம் போனால் சில நாளில் தீர்ப்பு. அரசு நீதிமன்றத்தில் லஞ்சமும் ஆண்டுக்கணக்கான அலைச்சலும். அந்தத் தீர்ப்புகள் கொடூரமாக இருக்கலாம், பெண்களுக்கு அநீதியாக இருக்கலாம், இருந்தன. ஆனாலும் வரப்புத் தகராறு உள்ள விவசாயி யாரிடம் போகிறார் என்பதில்தான் அந்த வட்டாரத்தில் யார் அரசாங்கம் என்பது தெரிந்தது. எந்தத் தளபதியும் அதைத் தன் காலத்துக்குள் மாற்றவில்லை.

2010 ஜூனில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் மைக்கேல் ஹேஸ்டிங்ஸ் எழுதிய கட்டுரை வந்தது. மெக்கிரிஸ்டலின் உதவியாளர்கள் துணை ஜனாதிபதி பைடனையும் மற்றவர்களையும் கேலி செய்தது அப்படியே அச்சாகியிருந்தது. ஜூன் 23 அன்று ஒபாமா அவருடைய ராஜினாமாவை ஏற்றார். அன்று சொன்ன விளக்கம் கவனிக்கத்தக்கது: மாறுவது ஆள், கொள்கை அல்ல என்றார் ஜனாதிபதி. நடந்தது ஏறக்குறைய நேர்மாறு. கையேட்டின் தந்தையான பெட்ரேயஸே ஜூலை 4 அன்று பொறுப்பேற்றார். அவர் காலத்தில் இரவு நேர வீட்டுச் சோதனைகள் பெருகின, வான் தாக்குதல்கள் கூடின. அந்த அக்டோபரில் காந்தஹார் அருகே அர்கந்தாப் பகுதியில், கண்ணிவெடிகள் நிரம்பிக் கிடந்த தரோக் கொலாச்சே என்ற சிற்றூரை 20 டன்னுக்கு மேல் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு அமெரிக்கப் பணத்திலேயே வீடு கட்டிக் கொடுத்தார்கள். மக்களைக் காப்பதே முதன்மை என்ற வாசகம் காகிதத்தில் இருந்தது.

பெட்ரேயஸ் ஓராண்டு இருந்தார். 2011 ஜூலையில் ஆலன் வந்தார். 2013இல் டன்ஃபோர்ட். 2014இல் கேம்பல். 2016இல் நிக்கல்சன். 2018இல் மில்லர். ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவர் குறைவான ஆதாரங்களோடு நிலைமையைச் சமாளித்தார் என்று பாராட்டிவிட்டுத் தம் மதிப்பீட்டைத் தொடங்கினார்கள். போகும்போது முன்னேற்றம் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கீழே பட்டாலியன்கள் ஏழு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை மாறின. ஊர்ப் பெரியவர் ஒவ்வொரு புதிய கேப்டனுக்கும் அதே தேநீரை ஊற்றி அதே குறையைச் சொன்னார். அமெரிக்க அரசே நியமித்த தணிக்கை அமைப்பான சிகார், 2021 ஆகஸ்டில் வெளியிட்ட தன் அறிக்கையில், அது ஒரு 20 ஆண்டுத் திட்டமாக நடக்கவில்லை, 20 ஓராண்டுத் திட்டங்களாக நடந்தது என்ற பொருளில் எழுதியது. நான் இந்தக் கட்டுரையில் சொல்வதில் பாதி அந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

எண்களைப் பற்றி இங்கே எச்சரிக்க வேண்டும். இத்தகைய போர்களில் அரசு நமக்குத் தரும் எண்களில் பெரும்பாலானவை அதன் முயற்சியை அளப்பவை. எத்தனை பள்ளி, எத்தனை கிலோமீட்டர் சாலை, எத்தனை வீரருக்குப் பயிற்சி. ஆப்கான் பாதுகாப்புப் படைகளின் அங்கீகரிக்கப்பட்ட பலம் 3,52,000 என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. கைரேகை, கண்விழிப் பதிவோடு சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கத் தொடங்கிய 2019இல் அது சுமார் 2,70,000க்கு இறங்கியது. மீதிப் பேரில் பலர் ஏட்டில் மட்டும் இருந்தவர்கள். அவர்கள் சம்பளம் யாரோ ஒரு மேலதிகாரியின் பைக்குப் போனது. 2021 ஜூலையில், அதற்குள் ஜனாதிபதியாகிவிட்டிருந்த பைடன் 3 லட்சம் ஆப்கான் படையினரைப் பற்றிப் பேசினார். அரசு வீழ்ந்த பிறகு அதன் கடைசி நிதியமைச்சர்களில் ஒருவரான காலித் பயெண்டா, அந்தக் கணக்கில் பெரும்பகுதி இல்லாத ஆட்கள் என்று பிபிசியிடம் சொன்னார்.

முயற்சியை அளக்காமல் விளைவை அளந்த ஒரு எண் இருந்தது: எத்தனை மாவட்டங்கள் அரசின் கட்டுப்பாட்டில் உள்ளன என்பது. சிகார் அதைக் காலாண்டுதோறும் வெளியிட்டு வந்தது. 2018 இறுதியில் அது பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சரிந்திருந்தது. 2019இல் ஆப்கானிஸ்தானில் இருந்த நேட்டோ படைத் தலைமையகம் அந்தக் கணக்கெடுப்பையே நிறுத்தியது. முடிவெடுக்க அது பயன்படவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு அமெரிக்க விமானங்கள் ஆப்கானிஸ்தானில் போட்ட குண்டுகளின் எண்ணிக்கை 7,400ஐத் தாண்டியது.

இதில் புதுமை ஏதும் இல்லை என்பதுதான் வேதனை. ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவுக்கு முன்பு போரிட்டது சோவியத் யூனியன். 1986 நவம்பரில் சோவியத் தலைமைக் கூட்டத்தில் மார்ஷல் அக்ரமேயெவ், அந்நாட்டில் சோவியத் வீரன் கால் வைக்காத நிலமே இல்லை, ஆனாலும் பெரும்பகுதி கிளர்ச்சியாளர் கையில்தான் என்று சொன்னார். சண்டையில் வெல்கிறோம், பிடித்த இடத்தில் ஆட்சி நிற்கவில்லை என்பது அவர் சொன்னதன் பொருள்.

நமக்கு இன்னும் அருகில் ஒன்று உண்டு. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, அக்டோபர் 10 முதல் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. சில நாளில் முடியும் என்று தொடங்கியது இரண்டரை ஆண்டு நீண்டது. தளபதிகள் மாறினார்கள், டிவிஷன்கள் கூடின. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். பொதுமக்களின் சாவு தனி. 1989 ஜூனில், யாருடைய நாட்டின் ஒற்றுமைக்காகப் போனார்களோ அந்த நாட்டின் ஜனாதிபதி பிரேமதாசாவே வெளியேறச் சொன்னார். அவருடைய அரசு புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தது. போவதற்கு முன் இந்தியா தன் ஆதரவில் ‘தமிழ்த் தேசிய ராணுவம்’ ஒன்றை உருவாக்க உதவியது. அதில் பலர் தெருவிலும் வீட்டிலும் பிடித்துச் செல்லப்பட்ட பையன்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்தியப் படை கப்பலேறும் முன்பே அந்த ராணுவம் சிதறிவிட்டது. ஆப்கான் ராணுவத்தின் சரிவைப் பார்த்து வாஷிங்டன் திகைத்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அன்று இருந்தவர்கள் திகைத்திருக்க மாட்டார்கள்.

2021இல் வரிசை இப்படி: ஜூலை 2 அன்று அமெரிக்காவின் பக்ராம் விமானத் தளம் காலியானது. விமானங்களைப் பழுதுபார்த்த வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்களும் கிளம்பினார்கள். அமெரிக்க வான்பலத்தை நம்பிச் சண்டையிடப் பழக்கப்பட்ட ராணுவம் அது இல்லாமல் நின்றது. ஆகஸ்ட் 6 அன்று முதல் மாகாணத் தலைநகராக ஸரஞ்ச் விழுந்தது. அங்கிருந்து தெலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலை போட்டது இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பு. 2009 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்ட நல்ல சாலை. அதைப் போடும்போது நம் ஆட்களும் தாக்குதலில் இறந்தார்கள். சாலை நின்றது, அதைப் பெற்றுக்கொண்ட அரசு நிற்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தபோது ஜனாதிபதி அஷ்ரஃப் கனி நாட்டைவிட்டுப் போய்விட்டிருந்தார். அதுவரை ஆப்கான் பாதுகாப்புப் படைகளுக்காக அமெரிக்கா செலவிட்டது சுமார் 88 பில்லியன் டாலர். இறந்த ஆப்கான் படையினர் 60,000க்கு மேல். அந்த உயிர்க்கணக்கைச் சொல்லாமல் அவர்கள் சண்டையிடவே இல்லை என்று பேசுவது அநியாயம்.

தளபதியின் திறமை முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல தளபதி சாவைக் குறைக்கலாம், பயனற்ற முகாமை மூடலாம், உண்மையை எழுதி அனுப்பலாம். அவரிடம் இல்லாத ஒன்றை அவர் தருவார் என்று நாட்டுக்குச் சொல்வதுதான் ஆபத்து. அடுத்த முறை எங்கேனும் ஒரு காட்டிலோ மலையிலோ நடக்கும் போருக்குப் புதிய தளபதி, புதிய வியூகம் என்று தலைப்புச் செய்தி வந்தால், அவருடைய பதக்கங்களை விட்டுவிட்டு வேறு சிலவற்றைத் தேடிப் படியுங்கள். அந்த வட்டாரத்தில் வழக்கு யாரிடம் போகிறது, வரி யார் வாங்குகிறார், உள்ளூர்க் காவலரின் சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது, கடந்த ஆண்டு வெளியிட்ட எந்தப் புள்ளிவிவரத்தை இந்த ஆண்டு நிறுத்தினார்கள். பதில் அரசு அறிக்கையில் இல்லையென்றால், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்.

இப்படிப்பட்ட கேள்விகள் படைக்குள்ளேயும் எழுந்தன. 2010 ஜனவரியில், மெக்கிரிஸ்டலின் உளவுப் பிரிவுத் தலைவர் மேஜர் ஜெனரல் மைக்கேல் ஃப்ளின் ஓர் அறிக்கை வெளியிட்டார். குண்டு வைப்பவர்களைத் தேடுவதிலேயே உளவுத்துறை மூழ்கியிருக்கிறது. இந்த மக்கள் யார், எதற்காக யார் பக்கம் நிற்கிறார்கள் என்பது தலைமைக்குத் தெரியவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. 2021 செப்டம்பர் 28 அன்று செனட் குழுவின் முன் அமர்ந்த கூட்டுப்படைத் தலைவர் ஜெனரல் மார்க் மில்லி, போர் வியூக அளவில் தோல்வி என்று ஒப்புக்கொண்டார். கீழ்மட்டப் படைப்பிரிவுகளிலிருந்து ஆலோசகர்களை விலக்கிக்கொண்ட பிறகு ஆப்கான் வீரர்களின் மனநிலையை அளக்க வழியில்லாமல் போனது என்றும் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் பதினோரு ஆண்டுகள், ஆறு தளபதிகள். குறை ஒன்றேதான்.